மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆவது ஏன்?

"மருத்துவர் எஸ்சிட்டலோப்ராம் எழுதிக் கொடுத்தார், பத்து நாளாகியும் குமட்டல்தான் இருக்கிறது, மனம் தெளியவில்லை, நிறுத்திவிடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள் என்பதே என் முதல் பதில். தாமதத்தின் காரணமோ மூளை தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோட்டோனின். ஒரு நரம்பணு அதை வெளிவிடுகிறது; அடுத்த அணுவில் செய்தியைப் பெறும் புரதங்களான ஏற்பிகளை அது தொட்டபின், கடத்திப் புரதம் ஒன்று அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளுவாக்செட்டின், வாசகர் உட்கொள்ளும் எஸ்சிட்டலோப்ராம் முதலான எஸ்.எஸ்.ஆர்.ஐ. (செரோட்டோனின் திரும்ப உள்ளிழுக்கப்படுவதைத் தடுக்கும்) மருந்துகள் அந்தக் கடத்தியை அடைக்கின்றன. அடைப்பு சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. நோயாளி முழுப் பலனை உணரவோ பல வாரங்கள் ஆகின்றன.

மூளை முழுவதற்கும் செரோட்டோனின் அனுப்பும் நரம்பணுக்கள் பெரும்பாலும் மூளைத்தண்டில் ரேபே உட்கருக்கள் எனப்படும் நரம்பணுத் திரள்களில் இருக்கின்றன. இவற்றின் மேற்பரப்பிலேயே 5-எச்.டி.1ஏ என்னும் தன்னேற்பிகள், அதாவது அணு தான் வெளிவிடும் செரோட்டோனினைத் தானே உணரும் ஏற்பிகள், உண்டு. மாடித் தொட்டியில் நீர் உயர்ந்ததும் குழாயை அடைக்கும் மிதவையைப் போல, சுற்றிலும் செரோட்டோனின் கூடியதும் இவை அணுவின் மின்துடிப்பைக் குறைத்துவிடுகின்றன. எனவே மாத்திரை தொடங்கிய முதல் நாள்களில் கடத்தி அடைபட்டு, அணுவுடலைச் சுற்றிச் செரோட்டோனின் பெருக, அந்த அணுக்களே துடிப்பைத் தளர்த்திக்கொள்வதால், மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு எதிர்பார்த்தபடி உயர்வதில்லை. நாள்தோறும் தூண்டப்பட்டுத் தன்னேற்பிகள் உணர்திறனை இழந்த பிறகுதான் துடிப்பு பழைய வேகத்துக்கு மீள்கிறது. அப்போதும் கடத்தி அடைபட்டே இருப்பதால், தொலைவிலுள்ள நரம்பு முனைகளிலும் செரோட்டோனின் உண்மையாகவே உயர்கிறது. எலிகளின் மூளையில் மின்முனை செருகி அளந்தபோது, துடிப்பு முதலில் சரிந்து இரண்டு மூன்று வாரங்களில் மீண்டது. தன்னேற்பியைத் தடுக்கும் பின்டோலாலைச் சேர்த்துக் கொடுத்த சில ஆய்வுகளில் முன்னேற்றம் சற்று விரைவாக வந்தது; வேறு சிலவற்றில் வரவில்லை.

ஆகவே இது முழு விளக்கம் ஆகிவிடாது. செரோட்டோனின் குறைவே மனச்சோர்வு என்ற எளிய கூற்றுக்கு உறுதியான சான்று இல்லை. நரம்பிணைப்புகள் புதிதாக வளர்வதற்கும் காலம் தேவைப்படுகிறது என்று பலர் கருதுகின்றனர்.

குமட்டலுக்குக் காரணம் வேறு. உடலின் செரோட்டோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில் இருக்கிறது; மாத்திரை அங்கும் வேலை செய்கிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் குமட்டல் அடங்கிவிடும். 25 வயதுக்கு உட்பட்டோரில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் குடும்பத்தார் அருகிலிருந்து கவனிப்பது மிக அவசியம். அப்படி எண்ணம் எழுந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

செய்வினை என்று மந்திரவாதியிடம் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு வரும் குடும்பங்கள் மாத்திரைக்குப் பத்து நாள்கூடப் பொறுக்காதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்தக் காத்திருப்பை முதல் சீட்டு எழுதும்போதே மருத்துவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டும்.

நலமான பிறகும் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கக் கேடும் வரக்கூடும். இதே வகையைச் சேர்ந்த, உடலிலிருந்து விரைவில் வெளியேறும் பராக்செட்டினில் இத்தொல்லை அதிகம். வாரக்கணக்கில் தங்கும் ஃபுளுவாக்செட்டினில் குறைவு. எதுவாயினும் மருத்துவர் சொல்லும் வேகத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.