குடிநோயாளியை மையத்தில் சேர்க்கும் முன்: சட்டம் சொல்வது என்ன?

வீட்டில் ஒருவருக்குக் குடி கைமீறிப் போய்விட்டால், யாரோ கொடுத்த மறுவாழ்வு மைய நம்பருக்கு போன் போட்டு, "வண்டி அனுப்புங்க, ஆறு மாசம் வச்சிருங்க" என்று சொல்லிவிடும் குடும்பங்கள் நிறைய உண்டு. அடி வாங்கி, கடனை அடைத்து, அலுத்துப்போய் எடுக்கும் முடிவு அது. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. ஆகவே சிகிச்சை தரும் மறுவாழ்வு மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டணம் பேசுவதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்.

தானே விரும்பிச் சேர்ந்தவர், போக வேண்டும் என்றால் போகலாம். மருத்துவருக்குக் கவலை இருந்தால், பரிசோதனைக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். சம்மதிக்காதவரைச் சேர்க்க நிபந்தனைகள் கடுமையானவை. அவருடைய பிரதிநிதி (பெரும்பாலும் நெருங்கிய உறவினர்) விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று இருவரும் முடிவுக்கு வர வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள்தான். இப்படிச் சேர்ப்பது சரிதானா என்று பார்க்கும் அமைப்பான மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். "ஆறு மாசம்" என்று முன்கூட்டியே பேசி முடிப்பதெல்லாம் செல்லாது.

உள்ளே இருப்பவரைச் சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. கட்டாய வேலை வாங்கக் கூடாது. வீட்டாரோடு பேசவும் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. "மூணு மாசத்துக்குப் பார்க்க வராதீங்க" என்று ஒரு மையம் சொன்னால், உங்கள் ஆளை அங்கே விடாதீர்கள். உரிமை மீறப்பட்டால் மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இலவச சட்ட உதவியும் கேட்கலாம்.

மருத்துவர் இல்லாத மையத்தில் உயிருக்கே ஆபத்து. பல வருடமாகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, குழப்பம், இல்லாதது தெரிவது வரை போகலாம். சிகிச்சை இல்லாவிட்டால் சிலர் இறந்தும் போகிறார்கள். முதல் சில நாட்கள் மருந்தும் கண்காணிப்பும் கட்டாயம் வேண்டும். அதனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் காட்டுவதே நல்லது என்பேன்.

சரி, கஞ்சா, ஹெராயின் என்றால் போலீஸ் பிடிக்குமே என்ற பயம் இருக்கும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இங்கே உதவும். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைநோயாளி, அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். சிறிய அளவைத் தாண்டி வைத்திருந்தவர்களுக்கு இது பொருந்தாது.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம், குடும்பத்தினரும் அழைக்கலாம்.