நறுக்கின் பின்பக்கம்

சென்ற ஐப்பசியில், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிஸ்கட் டின் ஒன்றைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தார். உள்ளே ஏழு பத்திரிகை நறுக்குகள். தோட்டத்து பங்களாவில் கணக்கெழுதிய அவருடைய பாட்டனார், துரை விட்டுப்போன சாமான்களிலிருந்து எடுத்துவைத்தவை. சென்னைக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் காலாற நடந்து, கண்டதை எழுதிய ஆங்கிலத் தொடர் அது. எழுதியவர் பெயர் இல்லை. பத்திரிகையின் பெயரும் தேதியும் இருந்த மேல்விளிம்பைத்தான் கத்தரிக்கோல் முதலில் தின்றிருந்தது.

பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். தேதி இல்லாத நறுக்கைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் இதைப் படித்ததும் கோபம் மறந்துவிட்டது. கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவில் நிற்க, ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள் அலையில் நெளிந்து நெளிந்து ஆட்களை இறக்குவதை எழுதியிருந்தார். அரசாங்கக் கோப்பில் துறைமுகத்தின் செலவுக் கணக்கு கிடைக்கும். படகோட்டிகளின் கூச்சலுக்கு இப்படி நடந்து திரிந்தவரைத்தான் நம்ப வேண்டும்.

நான்கு நறுக்குகளைப் பாட்டனார் மைதாப் பசையால் கணக்கு நோட்டில் ஒட்டியிருந்தார். ஈர ஒற்றுத்தாள் வைத்துப் பொறுமையாக இளக்கினால் அது விட்டுக்கொடுக்கும். ஒரு முழு நாள் ஆயிற்று. முதல் நறுக்கின் பின்பக்கத்தில் ஒரு விளம்பரம்: நீலகிரி செல்வோர் மேட்டுப்பாளையத்தில் ரயிலிலிருந்து இறங்கி டோங்கா என்னும் குதிரை வண்டி ஏறலாம். குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899-இல். ஆகவே அதற்கு முந்தையது. முன்பக்கத்தில், கல்தூண் கலங்கரை விளக்கம் எரிகிறது. அருகே சாரம் கட்டிய பெரிய கட்டடம் எழும்புகிறது. அந்தத் தூணில் விளக்கு ஏற்றியது 1844-இல். பக்கத்து உயர் நீதிமன்றம் திறந்தது 1892-இல், அதன் கோபுரத்துக்கு விளக்கு இடம்மாறியது 1894-இல். ஆக, சாரம் நின்ற அந்தச் சில ஆண்டுகளுக்குள் தேதி அடங்கிவிட்டது. டோங்கா விளம்பரத்தைக் கண்டதும் ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

மற்ற மூன்றில் இரண்டை அவரே சார்ட் தாளில் ஒட்டி லேமினேஷன் செய்திருந்தார். "நூறு வருடம் தாங்கும் என்று கடையில் சொன்னார்கள், ஐயா" என்றார். பிளாஸ்டிக் தாங்கும். மரக்கூழ்க் காகிதத்தில் இருக்கும் லிக்னின் என்னும் மரப்பொருள் அமிலமாகிக்கொண்டே இருக்கும். அதை உள்ளேயே பூட்டிவிட்டு மேலே சூடும் ஏற்றியாயிற்று. உருகிய பசை நாரோடு கலந்துவிட்டதால் பிரிக்க வழியில்லை. அந்த இரண்டின் பின்பக்கத்தை இனி யாரும் படிக்கப்போவதில்லை. ஏழாவதில் செல்லோடேப், டேப் உதிர்ந்துவிட்டது, பழுப்புக் கறை மட்டும் எழுத்தின் மேல் நிற்கிறது.

நம் மலையில் இதற்கு மேல் ஈரம் வேறு. ஊட்டியில் ஆடிச் சாரல் என்றால், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தால் பூஞ்சணத்துக்கு அழைப்பு வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். காயவைப்பதாக எண்ணிக் கணப்புக்கு அருகில் வைப்பது அதைவிட மோசம். அமிலமற்ற தாள் உறை, அட்டைப் பெட்டி, வீட்டின் உள்ளறை. இது போதும். வெட்டுவதற்கு முன் பத்திரிகையின் பெயரையும் தேதியையும் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஜெல் பேனா வேண்டவே வேண்டாம்.

பெரியம்மா வீட்டுப் பரணில் இன்னொரு தகரப்பெட்டி இருப்பதாக ஆசிரியர் கிளம்பும்போது சொன்னார். வெளியே மழை ஓயவில்லை. தை பிறந்த பிறகு கொண்டுவரும்படியும், அதுவரை அதைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.