ஏரோ ஃபிரேமைப் பார்க்கும் முன் சீட்போஸ்ட்டைத் திருகிப் பாருங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்த கையோடு பலரும் தேடத் தொடங்குவது டிடி (டைம் டிரையல்) சைக்கிளைத்தான், அதாவது குனிந்து படுத்து ஓட்டும் பந்தய சைக்கிளை. கையில் இருப்பது ஐம்பது, அறுபதாயிரம் என்றால் அந்தத் தேடலை இன்றே விட்டுவிடுங்கள். அந்த விலைக்குப் படிகிற டிடி சைக்கிள் பெரும்பாலும் பழைய ஃபிரேமாகவும், வேறொருவர் உடம்புக்கு அளந்து பொருத்தியதாகவும் இருக்கும். அதே பணத்துக்கு, அளவு சரியான அலுமினிய ரோடு சைக்கிளும் அதில் மாட்ட, முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கிளிப்-ஆன் ஏரோபார் ஒன்றும் வாங்கிவிடலாம். சமதளத்தில் வேகமாகப் போகும்போது காற்றை மறிப்பதில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்புதான். அந்த உடம்பைக் குனிய வைப்பது ஏரோபார். ஸ்பிரிண்ட் போட்டியின் 20 கிலோமீட்டருக்கும் ஒலிம்பிக் தூரத்தின் 40 கிலோமீட்டருக்கும் இது தாராளம்.

வட சென்னைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவேதான் பயிற்சி. டிடி சைக்கிளில் கியர் மாற்றும் லீவர் ஏரோபாரின் நுனியில், பிரேக் கீழேயுள்ள பாரில். ரோடு சைக்கிளில் இரண்டும் ஒரே பிடியில், விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கும். வண்டி ஓடுகிற சாலையில் ஏரோபாரில் படுக்கவே படுக்காதீர்கள். பிரேக்குக்குக் கை போவதற்குள் டிரெய்லர் திரும்பிவிடும்.

பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் 6 மி.மீ. வரையிலான ஆலன் கீ செட்டும் 12 அங்குல ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துப் போங்கள். முதலில் சீட்போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய். காசிமேடு முதல் கத்திவாக்கம் வரை உப்புக் காற்றில் நின்ற சைக்கிளுக்கு இதுதான் முதல் சோதனை. சீட் உயரத்தை டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டை இடமும் வலமும் திருகுங்கள். லேசாகத் திரும்ப வேண்டும். அசையவில்லை என்றால், வெவ்வேறு உலோகங்கள் ஒட்டிய இடத்தில், அல்லது கார்பனும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில், உப்பும் ஈரமும் புகுந்து அரித்துப் பிடித்துக்கொண்டது என்று பொருள். சுத்தியலால் தட்டினால் ஃபிரேமில் விரிசல் விழும். சீட் உயரத்தை உங்களுக்கேற்ப மாற்றவே முடியாத சைக்கிள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கோட்டம் எடுக்கும்போது அவை உடையும். வீல் செலவையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்து செயின். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 1/8 போயிருந்தால் கேசட்டும் (பின் வீலின் பல்சக்கரத் தொகுதி) தேய்ந்திருக்கும், அதில் புதுச் செயின் போட்டு அழுத்தி மிதித்தால் வழுக்கும். விலை பேசும்போது இந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) தளர்ச்சி கையில் 'டக்'கென்று தெரியும். பெடல் மாட்டிய கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் பி.பி. (கிராங் சுழலும் பாட்டம் பிராக்கெட்) நிலை தெரியும். ரிம்மில் பிரேக் படுகிற பரப்பு உள்ளே குழிந்திருந்தால் அந்த வீலின் ஆயுசு முடிந்தது. ஃபிரேமில் பி.பி.யைச் சுற்றியும் முன்பக்க ஹெட்டியூபின் அடியிலும் வெல்டிங் ஓரமாகப் பெயிண்ட் மயிரிழை போல வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பி.பி.க்கு அடியிலுள்ள ஃபிரேம் நம்பரும் பில்லும் ஒத்துப்போக வேண்டும். பில் இல்லாமல், நம்பர் சுரண்டியிருந்தால் திருட்டு சைக்கிளாக இருக்கலாம், கை வைக்காதீர்கள்.

கியரில் ஷிமானோ கிளாரிஸ் 8 ஸ்பீடு போதும், சோரா 9 ஸ்பீடு கிடைத்தால் நல்லது. அதற்கு மேல் காசு போடத் தேவையில்லை. பல்சக்கரத் தொகுதியை ஹப்பில் திருகி மாட்டும் 7 ஸ்பீடு ஃப்ரீவீல் வண்டிகளை மட்டும் தவிர்க்கலாம்: வலப்பக்க பால்ரஸ் ஆக்ஸில் நுனியிலிருந்து தள்ளி உட்கார்வதால் பாரம் ஏறும்போது ஆக்ஸில் வளைகிறது. நம் ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான், 50/34 பல் கிராங்கும் 11-28 பல் கேசட்டும் தாராளம்.

அளவில் சமரசம் வேண்டாம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையே மேலே அழுத்தி, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் பி.பி. நடுவிலிருந்து சீட் மேல்பரப்பு வரையான உயரம் தோராயமாக வரும், 80 செ.மீ. என்றால் 70.6. ஏரோபார் மாட்டிய பிறகு சீட்டை 1 முதல் 2 செ.மீ. முன்னே தள்ளி, சில மில்லிமீட்டர் உயர்த்துங்கள். அப்படியும் தோள்பட்டைகளுக்கு நடுவே வலித்தால் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்குங்கள். பெரும்பாலான ஏரோபார்களை மாட்ட, ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 31.8 மி.மீ. உருண்டையாக இருக்க வேண்டும். கார்பன் ஹேண்டில்பாரில், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் தவிர கிளாம்ப் போடக் கூடாது. போல்ட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், கிளாம்பில் எழுதியுள்ள அளவுக்கே முறுக்குங்கள்.

அறுபதாயிரத்தை நாங்கள் இப்படிப் பிரிப்போம்: சைக்கிளுக்கு 40, ஏரோபாருக்கு 6, டயர், டியூப், செயினுக்கு 6, ஹெல்மெட்டுக்கு 3, மீதி பட்டறை வேலைக்கு. ஹெல்மெட் மட்டும் பழையது வாங்கவே கூடாது, உள்ளே ஃபோம் விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆழமான ரிம் வீல்களும் வேண்டாம், கடற்காற்று பக்கவாட்டில் அடித்தால் முன்வீலைப் பிடுங்கும்.

வாங்கி வந்த அன்றே சீட்போஸ்ட்டை உருவித் துடைத்து, உலோகமென்றால் கிரீஸும் கார்பனென்றால் கார்பன் பேஸ்ட்டும் தடவிப் போடுங்கள். பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. கடலோரம் ஓட்டி வந்த நாளில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, செயினின் உள்பக்கம் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு ஆயில் விட்டு, பத்து நிமிஷம் கழித்து மேலே நிற்பதை ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட ஆயிலில் சாலைத் தூசு ஒட்டி, செயினை அரம் போல ராவும்.