ஜூரி – தெரிவுக்குழு

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் கட்புலக் கலை (ஓவியம், சிற்பம் போன்றவை) படிக்கிற பிள்ளைகள், கொழும்பிலோ வெளிநாட்டிலோ நடக்கும் கண்காட்சிக்கு விண்ணப்பம் போட்டால், "ஜூரியில எடுபட்டதோ?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். வந்து சேர்ந்த படைப்புகளில் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் சிலர் கொண்ட குழுதான் ஜூரி.

இலத்தீனில் ‘யூராரே’ என்றால் சத்தியம் செய்தல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சத்தியம் செய்துகொண்டு வழக்குக் கேட்பவர்களைக் குறித்தது. இலங்கைக்கும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதிமன்றச் சொல்லாகத்தான் வந்தது. ‘யூரி’ என்று எழுதுவதும் உண்டு.

ஓவியத்தில் இந்தச் சொல்லுக்குப் பெயரும் பழியும் தேடித் தந்தது, பிரெஞ்சு அரசின் ஆதரவில் நடந்த பாரிஸ் சலோன் கண்காட்சி. 1863இல் அதன் ஜூரி, வந்த படைப்புகளில் பாதிக்கு மேல் தள்ளிவிட்டது. ஓவியர்கள் கொதித்தெழ, தள்ளப்பட்டவற்றைத் தனியாகக் காட்சிக்கு வைக்கும்படி பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் உத்தரவிட்டார். அங்கே ஊரார் கூடிநின்று சிரித்த, பிரெஞ்சு ஓவியர் மனேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ ஓவியம் இன்று கலை வரலாற்றில் தவிர்க்க முடியாதது. இலங்கையிலும், 1891இல் தொடங்கிய இலங்கைக் கலைச் சங்கத்தின் பழகிய ரசனையோடு ஒத்துப்போகாதவர்கள்தான் 1943இல் ’43 குழு என்ற நவீன ஓவியர் குழுவாகச் சேர்ந்தார்கள். ஜூரி தள்ளியது என்றால், அந்தச் சிலர் அந்த முறை எடுக்கவில்லை, அவ்வளவுதான். படம் மோசம் என்று அதற்குப் பொருள் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நடுவர் குழு’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. நடுவர் என்பவர் இரு தரப்புக்கு நடுவே நின்று வெற்றி தோல்வி சொல்பவர். பட்டிமன்றத்துக்கும் பரிசுப் போட்டிக்கும் அது சரி. கண்காட்சியில் தரப்பும் இல்லை, தோல்வியும் இல்லை. தமிழ்நாட்டில் வழங்கும் ‘தேர்வுக்குழு’ பிழையில்லை, ஆனால் தேர்வு என்றதும் அங்கே பரீட்சை நினைவும் கூடவே வருகிறது.

நம்மிடம் ‘தெரிவுக்குழு’ இருக்கிறதே. பாராளுமன்றத்துக்கும் கிரிக்கெட் அணிக்கும் நாளும் சொல்கிற சொல். ‘தெரி’ என்பதற்குக் கண்ணுக்குப் புலப்படுதல் என்றும் பொருள், ஆராய்ந்து எடுத்தல் என்றும் பொருள். திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் இந்த இரண்டாம் பொருளில் வருவது. பார்த்து எடுக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. உறுப்பினரைத் தெரிவாளர் என்றும், எடுபட்டதைத் தெரிவான படைப்பு என்றும் சொல்லலாம்.

கியூரேட்டர் வேறு ஆள். அவர் ஒரு கருப்பொருளை வைத்துக்கொண்டு, தானே ஓவியரைத் தேடிப் போய் அழைப்பவர். தெரிவுக்குழு பெரும்பாலும் வந்ததிலிருந்து எடுக்கிறது. அதுவும் முதல் சுற்றில் மூலப் படைப்பைப் பார்ப்பது அரிது, புகைப்படத்தைத்தான் பார்க்கிறது. பல இடங்களில் பெயரையும் மறைத்துவிடுவார்கள். ஆகவே கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், கோணாமல் எடுங்கள். கண்ணாடியோடு எடுத்தால் யன்னல் கம்பியும் சேர்ந்து விழும். கீழே ‘கன்வஸில் அக்ரிலிக், 60 × 90 செ.மீ., 2023’ என்பதுபோல ஊடகம், அளவு, ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். அளவில் உயரம் முதலில் வரும், அகலம் பிறகு. மாற்றி எழுதினால் நெடும்படம் கிடைப்படமாகிவிடும், சுவரில் இடம் ஒதுக்குபவருக்கு அது பெரிய குழப்பம்.