ரீசார்ஜ்: நிலநீர் ஊட்டம்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி ஊர்களில் ரீசார்ஜ் என்றால் கைப்பேசிக்குப் பணம் போடுவது. நிலநீர் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தார் அதே சொல்லைக் கிணற்றுக்கு வைத்திருக்கிறார்கள். மழைநீரோ வாய்க்கால் நீரோ மண்ணைக் கடந்து நிலத்தடி நீர்மட்டத்தைச் சேர்வதுதான் அவர்களுக்கு ரீசார்ஜ். வழியில் வேர் உறிஞ்சியதும், மேல்மண்ணிலிருந்து ஆவியானதும் அதில் சேராது.

சொல்லின் வேர் லத்தீன். வண்டிக்குக் 'கர்ருஸ்' என்று பெயர். அதில் சுமை ஏற்றுவது 'கர்ரிகாரே'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சார்ஜ்' ஆயிற்று. மீண்டும் ஏற்றினால் ரீசார்ஜ்.

தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் இதற்குச் 'செறிவூட்டல்' என்று எழுதுகிறார்கள். பழகிய சொல்தான், ஆனால் இந்த வட்டத்துக்கு அது இடைஞ்சல். இங்கே நிலநீரில் ஃப்ளூரைடு ஒரு பிரச்சினை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த அளவைச் 'செறிவு' என்றுதான் எழுத வேண்டும். 'செறிவூட்டலால் செறிவு குறைந்தது' என்று ஒரே வரியில் வந்தால் படிப்பவர் திகைத்துப்போவார். கேரள அலுவலக மலையாளத்தில் 'பூஜல சம்போஷணம்' என்பார்கள். போஷணம் என்பது ஊட்டுவது. உண் என்பதன் பிறவினையான ஊட்டு நம்மிடமும் இருக்கிறது. ஆகவே 'நிலநீர் ஊட்டம்' போதும். செறிவை வேதியியலுக்கு விட்டுவிடலாம். மேல்மண் நீரைக் குடிப்பதற்குச் 'சுவறல்' என்ற நல்ல சொல் உண்டு. சுவறியதெல்லாம் ஊட்டம் ஆகாது என்று சொல்ல இரண்டு சொல்லும் வேண்டும்.

ஊட்டத்தை எப்படி அளக்கிறார்கள்? மழைக்கு முன்னும் பின்னும் திறந்த கிணறுகளில் நீர்மட்டத்தைப் பார்த்து, ஏறிய உயரத்தை, அந்தப் பாறையிலிருந்து தானாக வடியக்கூடிய நீரின் பங்கால் பெருக்குவது ஒரு வழி. 1997-இன் தேசிய நிலநீர் மதிப்பீட்டு நெறி, களி குறைந்த சிதைந்த கிரானைட், நைஸ் பாறைகளுக்கு இந்தப் பங்கை 3 விழுக்காடாகவும், களி மிகுந்தால் 1.5 ஆகவும் வைத்தது. மட்டம் 3 மீட்டர் ஏறினால் முதலாவதில் ஊட்டம் 90 மி.மீ., இரண்டாவதில் 45 தான். களியைக் கவனிக்காமல் போட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். பக்கத்துத் தோப்பில் மோட்டார் நின்றதால் ஏறிய மட்டத்தை மழைக் கணக்கில் எழுதுவதும் நடக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்த நாட்களையும் தனியே குறிக்க வேண்டும். தமிழ்நாட்டோடு செய்த 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. உண்டு, அந்த நீரும் கசிந்து கிணற்றை ஏற்றும்.

இன்னொரு வழி குளோரைடு. மழையளவை மழைநீரின் குளோரைடால் பெருக்கி, நிலநீரின் குளோரைடால் வகுப்பது. 800 மி.மீ. மழையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம், கிணற்றில் 80 என்றால் ஊட்டம் 20 மி.மீ. தென்னைக்குப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்பதை மறந்தால் கிணற்றுக் குளோரைடு கூடி, ஊட்டம் இருப்பதைவிடக் குறைவாக வரும். தோப்புக்குள் இருக்கும் கிணற்றில் இந்த முறையை நம்ப வேண்டாம்.

இனி, மழைநீரை நிலத்துக்குள் இறக்க வெட்டும் குழி. இந்த வட்டத்தின் கிழக்குப் பக்கம் கரிசல் மண், கேரளத்தில் வேறெங்கும் இல்லாதது. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். ஆகவே முதல் மழை சரசரவென்று இறங்கும், அடுத்த மழை தேங்கி நிற்கும். கரிசலுக்குள்ளேயே வெட்டிய குழி கொசுவைத்தான் வளர்க்கும். களியையும் அதன் கீழுள்ள சுக்கானையும் (சுண்ணாம்புக் கல் அடுக்கு) தாண்டி, சிதைந்த பாறை வரை தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு முன் சுவறல் வேகத்தை இரட்டை வளையத்தால் பார்க்கலாம்: 30 செ.மீ. விட்ட வளையம் உள்ளே, 60 செ.மீ. வெளியே, இரண்டிலும் நீர். வெளி வளையத்து நீர் பக்கவாட்டில் பரவுவதை ஈடுகட்டும். அளப்பது உள்வளையத்தில் மட்டும். முதல் அரைமணி அளவை விட்டுவிட்டு, வேகம் ஒரே நிலைக்கு வந்தபின் குறிப்பதே சரி.

100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழைக்கு 5,000 லிட்டர் விழும்; வீணாவது போக 4,000 என்று கொள்ளுங்கள். கிணற்றுக்கு விடுமுன் வடிகட்டித் தொட்டியில் அடியில் பெருங்கல், அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, மேலே பருமணல். மணல் மேலே இருந்தால்தான் வண்டல் அங்கேயே நிற்கும், சுரண்டி எடுக்கலாம். பலர் தலைகீழாகப் போட்டு அடியில் அடைத்துவிடுகிறார்கள். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிடுவது நல்லது.

குழி வெட்டியும் போர்வெல்லில் நீர் ஏறவில்லை என்ற குறை இங்கே அதிகம். போர்வெல்லின் கேசிங் குழாய் மேலடுக்கை அடைத்திருக்கும். நீர் வருவது ஆழத்துப் பாறை வெடிப்பிலிருந்து. குழியின் ஊட்டம் மேலடுக்குக்குத்தான் போகிறது, பலன் முதலில் திறந்த கிணற்றுக்கு. அதற்காக வயல் நீரை நேரே போர்வெல்லில் விடக் கூடாது. வண்டல் வெடிப்பை அடைத்துவிட்டால் திரும்பத் திறப்பது அரிது, பூச்சிமருந்தும் மண்ணில் வடிகட்டப்படாமல் குடிநீருக்கே போய்விடும்.