பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் செயினைத் தொட வேண்டும்

பொள்ளாச்சிப் பக்கம் விவசாயக் கருவிகள் பழுது பார்க்கிற பட்டறை நடத்துகிறேன். தென்னையில் வேர் வாடல் நோய் வந்ததிலிருந்து இங்கே தோப்புகளில் நோய் கண்ட மரங்களை வெட்டி அப்புறப்படுத்துகிற வேலை ஓய்ந்தபாடில்லை, கவாத்துக்கும் வேலி ஒதுக்கவும் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது, அதனால் முன்பெல்லாம் மரம் அறுக்கிறவர்களிடம் மட்டும் இருந்த செயின்சா இப்போது தோட்டத்துச் சாளைகளில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பேட்டரி மிஷின்தான் கேட்கிறார்கள். அதைப் பழுதுக்குக் கொண்டு வருகிறவர்களில் சிலர் கையில் கட்டோடு வருகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். "ஏனுங்ணா, இத்தனூண்டு மிஷினு, இது என்னத்தப் பண்ணீரப் போகுதுன்னுதானுங்க நெனச்சேன்" என்று ஒரே மாதிரிதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

பெட்ரோல் மிஷினுக்கு ஒரு சடங்கு உண்டு. 2டி ஆயில் கலக்க வேண்டும், சோக் இழுக்க வேண்டும், கயிற்றை நாலைந்து தடவை இழுக்க வேண்டும், கிளம்பினால் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும். அந்தச் சத்தம் இருக்கிற வரை குழந்தைகள்கூடக் கிட்டே வர மாட்டார்கள். பேட்டரி மிஷினில் இந்த முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. தரையில் சும்மா கிடக்கும், ட்ரிகரில் விரல் அழுந்திய மறுகணம் செயின் முழு வேகத்தில் ஓடும், பெரிய மிஷின்களில் அது நொடிக்கு 10 முதல் 20 மீட்டர். என்னிடம் வந்து சொன்னவர்களில் பலருக்கு மரத்தை அறுக்கும்போது அடிபடவே இல்லை. செயினை ஓட்டுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்ட பன்னாடையைப் பிய்த்து எடுக்கும்போது, தளர்ந்த செயினை இழுத்துப் பார்க்கும்போது, ட்ரிகரில் விரலை வைத்தபடியே ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்து போகையில் வாய்க்கால் வரப்பில் கால் இடறியபோது, இப்படித்தான் அடிபட்டிருக்கிறது.

அதனால் மிஷினைக் கையில் கொடுக்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: பேட்டரி உள்ளே இருந்தால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே கணக்கு. எல்லாம் தயாரான பிறகு, அறுக்கப்போகிற இடத்தில் நின்ற பிறகு, கடைசியாகப் பேட்டரியைப் போடுங்கள். வேலை நின்றதும் முதல் காரியமாகக் கழற்றுங்கள். செயினைத் தொட வேண்டுமா, அடைப்பு எடுக்க வேண்டுமா, இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டுமா, வண்டியில் ஏற்ற வேண்டுமா, பேட்டரி வெளியே வந்தாக வேண்டும். கழற்ற இரண்டு நொடிதான் ஆகும். பெட்ரோல்காரனுக்குக் கயிறு இழுக்கிற சடங்கு இருந்த மாதிரி நமக்கு இதுதான் சடங்கு.

ட்ரிகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாக் பட்டன் இருக்கும், அதை அழுத்தினால்தான் ட்ரிகர் இறங்கும். கட்டைவிரல் வலிக்கிறது என்று அதை டேப் போட்டுச் சுற்றி வைத்துவிடுகிறார்கள், அல்லது ரப்பர் பேண்ட் மாட்டுகிறார்கள். அப்படிக் கட்டின மிஷின் வந்தால் டேப்பைப் பிரித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடுகிறேன், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் சரி.

அடுத்தது கிக் பேக். இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் முகத்திலும் கழுத்திலும் விழுகிற காயங்கள் பெரும்பாலும் இதனால்தான். செயின் சுற்றி ஓடுகிற அந்தத் தகட்டுக்குப் பார் என்று பெயர், அதன் நுனி வட்டமாக இருக்கும். நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது, ஒளிந்திருக்கிற ஒரு சின்னக் கொம்பில்கூட, முட்டிவிட்டால் அந்த இடத்தில் பல் அறுக்காமல் கொத்திக்கொள்ளும், செயினின் வேகம் முழுவதும் பாரை மேல்நோக்கியும் நம்மை நோக்கியும் தூக்கி எறியும். கண் இமைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும், கையால் பிடித்து நிறுத்தலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. எத்தனை பலசாலியாக இருந்தாலும் சரி.

இதற்குத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். மிஷின் எகிறும்போது மணிக்கட்டு அதில் பட்டோ, எகிறின வேகத்திலேயோ அந்தத் தடுப்பு முன்னால் சாய்ந்து செயினை நிறுத்திவிடும், அதுதான் பிரேக். வாரம் ஒரு தடவையாவது அதைச் சோதித்துப் பாருங்கள்: மிஷினைத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து ஓடவிட்டு, இடது கையை கைப்பிடியிலிருந்து எடுக்காமல் மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ள வேண்டும், செயின் உடனே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டே போய் நின்றால் அந்த மிஷினை அன்றைக்கு எடுக்காதீர்கள். அப்புறம் பிடிக்கிற விதம். இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி அடியில் வர வேண்டும், மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைத்தால் எகிறும்போது பிடி வழுக்கிவிடும். உடம்பை மிஷினுக்கு நேர் பின்னால் வைக்காமல் கொஞ்சம் இடது பக்கமாக நில்லுங்கள், அப்போதுதான் எகிறினாலும் பார் தோளுக்கு வெளியே போகும். தோள் உயரத்துக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது. ஏணி மேல் நின்று செயின்சா ஓட்டுவதை என் கண் முன்னால் யார் செய்தாலும் கீழே இறங்கச் சொல்லிவிடுவேன், அதற்கு நீளக் கம்பில் வருகிற போல் சா இருக்கிறது, அதையும் வெட்டுகிற கொம்புக்கு நேர் கீழே நின்று ஓட்டக்கூடாது.

சரி, மினி செயின்சா. நாலு அங்குலம், ஆறு அங்குலம் பாரோடு ஒரு கையில் பிடிக்கிற மாதிரி ஆன்லைனில் மலிவாக வருகிறதே, எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பலவற்றில் பிரேக் கிடையாது, ட்ரிகரை விட்ட பிறகும் செயின் கொஞ்ச நேரம் ஓடும், ஆயில் தானாக இறங்குகிற வசதியும் இருக்காது. வலது கையில் மிஷின், இடது கையில் முருங்கைக் கொம்பைப் பிடித்து வளைத்துக்கொண்டு அறுக்கிறார்கள். கொம்பு அறுபட்டதும் செயின் அதே வேகத்தில் எங்கே போகும்? பிடித்திருக்கிற கைக்குத்தான். இடது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் எப்போதும் மாட்டுகிறது. கொம்பைக் கையால் பிடிக்காதீர்கள், சின்னதை அறுவாளால் சீவிவிடலாம், பெரியதை இரண்டு கையாலும் மிஷினைப் பிடித்து அறுக்கலாம், இரண்டுக்கும் நடுவில் உள்ளதைக் கீழே போட்டு மிதித்து நிற்காமல் ஒரு கவைக்கட்டையில் வைத்து அறுங்கள்.

இந்த மினி மிஷின்களின் பேட்டரி மேல் 48, 88, 98 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும், பக்கத்தில் வி.எஃப் என்று சின்னதாக இருக்கும். அது வோல்ட் கணக்கு இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து செல் வரிசை, அதாவது ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் வீதம் 18, முழுதாக ஏறினால் 4.2 வீதம் 21 வோல்ட், அவ்வளவுதான். அதிக வோல்ட் என்று நம்பி வேறு மிஷினின் சார்ஜரைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள், பின் ஒரே அளவாக இருப்பதால் உள்ளே போய்விடும், பேட்டரி சூடாகி உப்பி, சில சமயம் தீப்பிடிக்கும். அந்தப் பேட்டரிக்கு வந்த சார்ஜரை மட்டும் போடுங்கள். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வெயிலில் 40 டிகிரி சாதாரணம், வண்டி டேங்க் கவரிலும் காருக்குள்ளும் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கிற பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் ஆறவிடுங்கள். மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், படுக்கிற அறையில் சார்ஜ் போடுவது வேண்டாம், இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். உப்பியது, கீழே விழுந்து நசுங்கியது, தண்ணீருக்குள் போனது, இந்த மூன்றையும் மறுபடி மாட்டிப் பார்க்கக்கூடாது.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, தொங்குகிற சேலைத் தலைப்பு, எதுவும் ஆகாது. உடம்போடு ஒட்டின பேண்ட், முன்பக்கம் கெட்டியான ஷூ, கண்ணாடி, தலைக்கு ஹெல்மெட், இவ்வளவு இருந்தால்தான் மிஷினைக் கையில் எடுக்க வேண்டும். சத்தம் குறைவு என்றாலும் நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் காதுக்கும் ஏதாவது போட்டுக்கொள்வது நல்லது. செயின்சாவுக்கென்றே பாதுகாப்புப் பேண்ட் கிடைக்கிறது, உள்ளே நீளமான நார் அடுக்கு இருக்கும், செயின் பட்டால் அந்த நார் ஸ்ப்ராக்கெட்டில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும். கிளாஸ் 1 என்று குறித்திருக்கிற பேண்ட் நொடிக்கு 20 மீட்டர் வேகம் வரை சோதிக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பெட்ரோல் மிஷின் சிக்கினால் இன்ஜின் திணறி நின்றுவிடும், மின்மோட்டார் சிக்கின நிலையிலும் விசையை விடாமல் இழுக்கும், அதனால் இந்தப் பேண்ட் சில தயாரிப்பாளர்களின் லேபிளிலேயே மின்சார ரம்பத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருக்கும். போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிக் காலைக் குறுக்கே வைக்காதீர்கள்.

மரம் சம்பந்தப்பட்டதில் இரண்டு மூன்று விஷயம். வேலிகாத்தான் முள்ளை ஒதுக்கும்போது கொம்புகள் ஒன்றோடு ஒன்று பின்னி வளைந்து நிற்கும். வளைந்த கொம்பில் ஒரு பக்கம் இழுபட்டும் எதிர்ப்பக்கம் நசுங்கியும் இருக்கிறது, இழுபட்ட பக்கம் முதலில் வெட்டினால் வில் அறுந்த வேகத்தில் அடிக்கும், முகத்தில் முள்ளோடு. நசுங்கின பக்கத்தில் மெதுவாகக் கொஞ்சம் வெட்டி அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு அப்புறம் எதிர்ப்பக்கம் வாருங்கள், நீங்கள் நிற்கிற இடம் அது விசிறுகிற பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். முழு மரத்தைச் சாய்ப்பது தனி வித்தை, கயிறு கட்டத் தெரிந்த ஆள் இல்லாமல் தொட வேண்டாம், சாய்க்கிற நேரத்தில் மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். ஈபி கம்பிக்குப் பக்கத்தில் மட்டையோ கொம்போ தொங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, கூப்பிட்டுச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். பேட்டரி மிஷின்தானே, கரண்ட் எப்படி வரும் என்று ஒருவர் கேட்டார். கம்பியில் இருக்கிற மின்சாரம் பச்சை மட்டை வழியாகவும் வரும், போல் சாவின் அலுமினியக் கம்பு வழியாகவும் வரும்.

தென்னையில் கெட்டியான பகுதி வெளிச்சுற்றில்தான் இருக்கிறது, அதில் மணல்சத்து அதிகம், அதனால் வேம்பு அறுக்கிற செயினை விடத் தென்னை அறுக்கிற செயின் சீக்கிரம் மழுங்கும். மழுங்கினது எப்படித் தெரியும் என்றால், நல்ல செயின் சிம்பு சிம்பாகத் தள்ளும், மழுங்கினது மாவு மாதிரி தூள் தள்ளும். தூள் வந்தால் அழுத்தி அறுக்காதீர்கள், அழுத்துகிற ஆள் அறுந்த மறுகணம் நிலை தடுமாறுகிறார். அரம் போட்டுத் தீட்டுங்கள், சின்ன மிஷின்களில் வருகிற 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லுக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டை, வேகமாக அறுக்கட்டும் என்று தேய்த்துத் தள்ளிவிடுகிறார்கள், அது கிக் பேக்கைக் கூட்டுகிறது. செயினுக்கு எரிந்துபோன இன்ஜின் ஆயிலை ஊற்றுவதும் கெடுதல், அதில் உள்ள இரும்புத் துகள் பாரைத் தின்னும், தோலுக்கும் ஆகாது.

அடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் தேட நேரம் இருக்காது. காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் போடாதீர்கள், பிறகு அதைக் கழுவி எடுக்க டாக்டர் பாடுபட வேண்டும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108ஐ அழையுங்கள். கை காலில் ரத்தம் பீய்ச்சி அடித்து அழுத்தத்தில் நிற்கவில்லை என்றால் மட்டும் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தை எழுதி வையுங்கள். விரல் துண்டாகிப் போனால் அதைத் தேடி எடுத்து, சுத்தமான நீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டு போங்கள், ஐஸ் நேராகச் சதையில் படக்கூடாது. செயின்சா வெட்டு அறுவாள் வெட்டு மாதிரி நேராக இருக்காது, கிழித்துச் சிதைத்திருக்கும், அதனால் ஒட்டவைப்பது கடினம், ஆறு மணி நேரத்துக்குள் கை அறுவை சிகிச்சை செய்கிற கோவை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால் வாய்ப்பு கூடும், கிளம்பும்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள். சின்ன வெட்டுதான், பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டால் போதும் என்று தோன்றினாலும், டிடி ஊசி போட்டுக்கொண்டு, விரலை மடக்கி நீட்டிப் பார்த்து, நுனியில் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று டாக்டரிடம் சோதிக்கச் சொல்லுங்கள், உள்ளே நரம்போ தசைநாணோ அறுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.