காயிலோவர் ரிங் இறுகிவிட்டதா? ஸ்பேனரைப் பூட்டும் முன் கவனிக்க வேண்டியவை

காரின் உயரத்தை வேண்டும்போது ஏற்றி இறக்கலாம் என்றுதான் காயிலோவர் போடுகிறார்கள். ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமர்ந்த செட் அது. மரை போட்ட அதன் உடலில் ரிங்கைச் சுற்றினால் வண்டியின் உயரம் மாறும். ஆனால் போட்ட அன்று வைத்த உயரத்திலேயே மூன்று, நான்கு வருஷம் ஓடுகிற வண்டிகள்தான் அதிகம். நடுவில் மழைக்காலங்கள் வந்துபோகும், தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கி ஏறும். பிறகு ஒருநாள் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும். அரை இஞ்ச் ஏற்றலாமென்று, ரிங்கின் வெட்டில் கொக்கிபோல மாட்டும் சி-ஸ்பேனரைப் பூட்டினால் ரிங் அசையாது. உடனே ஸ்பேனரின் வாலில் பைப்பைச் சொருகி இழுக்கிறார்கள். ரிங்கின் வெட்டு வாய் மழுங்குகிறது, ஸ்பேனர் வழுக்கி விரல் கிழிகிறது. மரை அரிபட்டால் நல்ல ஷாக் அப்சார்பரே வீண். இத்தனையும் தவிர்க்கக்கூடிய சேதம்.

பெரும்பாலான செட்டுகளில் உடல் துத்தநாகம் பூசிய ஸ்டீல், அதன்மேல் சுற்றும் ரிங் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் அரிப்பு தொடங்கிவிடும். பூச்சு இருக்கும்வரை கரைவது துத்தநாகம். அது தீர்ந்ததும் அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் மரைக்குள் ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடுகிறது. ஈ.சி.ஆர்., எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளுக்கு மழைகூட வேண்டாம், உப்புக் காற்றே போதும். அதோடு டயர் வாரியிறைக்கும் மணலும் மரையில் அப்பிக் காய்ந்துவிடும். துருப்பிடித்ததாக நினைக்கும் பல ரிங்குகளை உண்மையில் பிடித்து வைத்திருப்பது இந்த மண்தான். மண்ணோடு சேர்த்துத் திருகினால் அது உப்புத்தாள்போல மரையைத் தேய்க்கும்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி விடக்கூடாது, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வீலைக் கழற்றியதும், ஸ்பிரிங் உட்காரும் சீட் ரிங்கின் அடியிலிருந்து, உடலின் அடிமுனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் கீழ் பிராக்கெட்டின் மேல்விளிம்பு வரை இரண்டு பக்கமும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிவையுங்கள். மிதமான பலத்துக்கு ரிங் மசியவில்லையென்றால் வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டு போராட வேண்டாம், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முழு ஸ்ட்ரட்டையும் இறக்கிவிடுவதே நல்லது. பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றையும் முதலில் விடுவித்து, பிறகு கீழ் போல்ட், கடைசியில், ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு இணைக்கும் மேல் மவுண்டைச் சுற்றியுள்ள நட்டுகள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்போது அது கழன்றால் மேல் மவுண்ட் முகத்தை நோக்கிப் பாயும்.

வைஸில் பிடிக்கும்போது கீழ் பிராக்கெட்டை மட்டும், மரத்துண்டு வைத்துப் பிடியுங்கள். உடல் குழாயை நெரித்தால் உள்ளே பிஸ்டன் சிக்கும். மேலே பளபளக்கும் ராடில் பிளையரே படக்கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் ஆயில் சீலைத் தின்றுவிடும்.

அடுத்தது சுத்தம். வேலையில் பாதி இங்கேதான் முடிகிறது. சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் போட்டு மண்ணைக் கரைத்து எடுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய டூத் பிரஷ், கடைசியில் பித்தளைக் கம்பி பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் மிச்சமுள்ள துத்தநாகத்தையும் சுரண்டிவிடும். ரிங் எந்தப் பக்கம் நகரவேண்டுமோ அந்தப் பக்கத்து மரையின் பள்ளம் கண்ணுக்குத் தெரியும்வரை தேயுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பெனட்ரேட்டிங் ஆயில். சாதாரண நீல டப்பா டபிள்யூ.டி. 40 ஈரத்தை விரட்டத்தான் நன்றாக உதவும். ஊடுருவுவதற்கென்றே விற்கும் வகையை வாங்குங்கள். ஸ்ட்ரட்டைப் படுக்கவைத்து, உருட்டி உருட்டி, ரிங்கின் மேல்விளிம்பு கீழ்விளிம்பு இரண்டிலும் அடியுங்கள். 24 மணி நேரத்தில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பித்தளைத் துண்டு வைத்து ரிங்கைச் சுற்றிலும் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். அந்த அதிர்வுதான் ஆயிலுக்கு வழி திறக்கும்.

இனி திசை. இதில்தான் பழகிய கைகளும் தடுமாறுகின்றன. சீட் ரிங் மேலே, அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங் கீழே. வழக்கமான வலது மரையில், மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுற்றினால் ரிங் கீழே இறங்கும். ஆகவே லாக் ரிங் விடுபட கடிகாரத் திசை. காருக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் இதே சுற்று எதிர்த்திசையாகத் தெரியும். குழம்பிப்போய் லாக் ரிங்கைச் சீட் ரிங்கோடு இன்னும் இறுக்கிவிட்டு, துரு என்று பழி போடுபவர்கள் உண்டு. இரண்டு சி-ஸ்பேனர் வேண்டும்: ஒன்று சீட் ரிங்கைப் பிடிக்க, மற்றது லாக் ரிங்கைத் திருக. கொக்கி வெட்டுக்குள் முழுதாக உட்காரவேண்டும்.

அசையாவிட்டால் சூடு. அலுமினியம் ஸ்டீலைப்போல ஏறக்குறைய இருமடங்கு விரியும். 55 மி.மீ. துளையுள்ள ரிங் 70 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.09 மி.மீ. விரிகிறது, அதே சூட்டில் ஸ்டீல் உடல் அதில் பாதிதான். மரைக்கு அந்த இடைவெளி போதும். முதலில் ஆயிலைத் துடைத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும். ஹீட் கன்னை ரிங்கின்மேல் மட்டும் காட்டுங்கள். தண்ணீர்த் துளி தெளித்தால் சுறுசுறுவென்று கேட்டவுடன் நிறுத்திவிட்டுத் திருகுங்கள். கேஸ் வெல்டிங் டார்ச் கூடவே கூடாது. அந்தக் குழாய்க்குள் ஆயிலும் உயர் அழுத்த நைட்ரஜனும் ரப்பர் சீலும் இருக்கின்றன. சீல் கருகுவதோடு நின்றால் அதிர்ஷ்டம், குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ரிங் முதல் தடவை அசைந்ததும் உற்சாகத்தில் ஒரே மூச்சாகச் சுற்றிவிடாதீர்கள். கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே. பிரஷ் போட்டு, ஆயில் விட்டு, மறுபடி. திடீரென்று மறுபடி இறுகினால் அலுமினியம் மரையில் அப்புகிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிப் போய்ச் சுத்தம் செய்யுங்கள்.

இத்தனைக்கும் மசியாத ரிங்கை வெட்டி எடுக்கத் தயங்கவேண்டாம். ரிங்கின் விலை சின்னது, உடலின் விலை பெரிது. அதே விட்டமும் மரை இடைவெளியும் உள்ள புது ரிங் கையில் வந்தபின் வெட்டுங்கள். கட்டிங் வீலால் எதிரெதிரே இரண்டு நெடுக்கு வெட்டு, உள்ளே 1 மி.மீ. மிச்சம் வைத்து, பிறகு உளியை வெட்டில் வைத்துத் திருகினால் ரிங் பிளந்துகொள்ளும். ராடையும் ஸ்பிரிங்கையும் ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

கீழ் பிராக்கெட்டுக்குள் திருகியிருக்கும் உடல் அதோடு இறுகிப்போனால் அதுதான் கடினமான கேஸ். மேலிருந்து வடியும் சேறு முழுவதும் அங்கே போய்த் தேங்குகிறது, உடலைப் பிடிக்கவும் இடமில்லை. மூன்று நாள் ஆயிலில் ஊறவிட்டு, பட்டை சுற்றிப் பிடிக்கும் ஸ்ட்ராப் ரெஞ்சால் முயலுங்கள். பைப் ரெஞ்ச் பல் பதிந்தால் அந்த மரை அத்தோடு முடிந்தது. நகரவில்லையென்றால் ஷாக் ரீபில்ட் செய்பவரிடம் கொடுப்பதே கௌரவமான முடிவு.

திரும்பப் பூட்டும்போது மரை முழுக்கக் கிரீஸ் அப்பும் பழக்கத்தை விடவேண்டும். திறந்த மரையில் கிரீஸ் மணலைப் பிடித்துவைக்கும். மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்பிரே மெல்லிசாக அடித்துக் காயவிடுங்கள். இடது வலது அளவு ஒன்றாக இருக்கட்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இருக்கவேண்டும், தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். 100 கிலோமீட்டர் ஓடியபின் உயரத்தை மறுபடி அளந்து, வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் சரிபாருங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, மழை விட்டபின் ஜனவரியில் ஒருமுறை மரையைக் கழுவி, ரிங்கை ஒரு முழுச் சுற்று இறக்கி, பழைய அளவுக்கே ஏற்றி வையுங்கள். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு காலை நேர வேலை.